கைப்பேசித் திரையில் எல்லை மலைகள்: அரிக்கொம்பன் பெற்ற குரலை பெட்டிமுடி பெற்றதா?

பாலக்காடு: 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி, கேரளத்தில் இரண்டு நீதிமன்றங்களிலிருந்து இரண்டு உத்தரவுகள் வெளிவந்தன. பாலக்காடு மாவட்டம் மண்ணார்க்காட்டில் உள்ள சிறப்பு நீதிமன்றம், அட்டப்பாடியைச் சேர்ந்த பழங்குடி இளைஞர் மது அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில் 13 பேருக்குத் தலா ஏழு ஆண்டுகள் கடுங்காவல் தண்டனை விதித்தது. அதே நாளில் கொச்சியில் உள்ள உயர் நீதிமன்றம், இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் சுற்றித் திரிந்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்து, பாலக்காடு மாவட்டத்தின் பறம்பிக்குளம் புலிகள் காப்பகத்தில் விடுமாறு ஆணையிட்டது.

இரண்டு வழக்குகளிலும் அரிசி இருந்தது. கடைகளில் அரிசி உள்ளிட்ட உணவுப் பொருள்களைத் திருடினார் என்பதே மது மீது சுமத்தப்பட்ட குற்றம். மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. நியாயவிலைக் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றதால்தான் அந்த யானைக்கு அப்பெயர் ஏற்பட்டது. இன்னொன்றும் இருந்தது. இரு நிகழ்வுகளும் கைப்பேசி வழியாகவே உலகுக்குத் தெரிந்தன. 2018 பிப்ரவரி 22 அன்று காட்டுக்குள் புகுந்து மதுவைப் பிடித்த கும்பல், கைகள் கட்டப்பட்ட நிலையில் அவரை நிறுத்திச் செல்ஃபி எடுத்தது. காணொலி பதிவு செய்து பரப்பியது. பெருமைக்காக எடுக்கப்பட்ட அக்காட்சிகளே பின்னர் வழக்கில் சான்றுகளாயின. சாட்சிகள் பலர் பிறழ்ந்த அவ்வழக்கில் காட்சிப் பதிவுகளின் பங்கு சிறிதன்று.

சமூக வலைதளங்கள் உலகைச் சிற்றூராக்கிவிட்டன என்பது பலமுறை கேட்ட கூற்று. அச்சிற்றூரில் யார் பேசுகிறார்கள், யார் பேசப்படுகிறார்கள் என்ற கேள்வி அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதி அக்கேள்விக்கு விடை தேட ஏற்ற இடம்.

மொழி மாறும் மலைகள்

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து கன்னியாகுமரிப் பகுதி தமிழகத்துடன் இணைந்தது. தமிழர்கள் மிகுந்திருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும் கேரளத்துக்குச் சென்றது. கோடு ஒருநாளில் போடப்பட்டது. பேச்சு அப்படியே தொடர்ந்தது. சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளில் இன்றும் தமிழே வீட்டு மொழியாக உள்ள குடும்பங்கள் ஏராளம். மூணாறின் தேயிலைத் தோட்டங்களில் நான்கைந்து தலைமுறைகளாகத் தமிழர்கள் கொழுந்து பறிக்கின்றனர். இடுக்கி மலைகளின் முதுவர் பேசுவதும் அட்டப்பாடி இருளர் பேசுவதும் தமிழுக்கு நெருக்கமான மொழிகள். தாங்கள் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது முதுவரின் வழிவழிக் கதை.

இம்மக்களின் கைகளிலும் இன்று கைப்பேசி உண்டு. ஆனால் அவர்கள் வாழும் இடத்தைப் பற்றி இணையத்தில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. அரிக்கொம்பன் விவகாரத்தில் அது வெளிப்படையாகத் தெரிந்தது.

யானைக்குத் திரண்ட உலகம்

2023 மார்ச்சில் அரிக்கொம்பனைப் பிடித்துக் கும்கியாக்கக் கேரள வனத்துறை திட்டமிட்டது. விலங்கு நல ஆர்வலர்கள் உயர் நீதிமன்றத்தை நாட, மார்ச் 23 அன்று இரவில் சிறப்பாகக் கூடிய அமர்வு அத்திட்டத்தை நிறுத்தி வைத்தது. ஒரு வாரத்தில், மார்ச் 30 அன்று, இடுக்கியின் பல ஊராட்சிகளில் கடையடைப்பு நடந்தது. பலருடைய உயிரிழப்புக்கு இந்த யானையே காரணம் என்று ஊர்மக்கள் கூறினர். ஆர்வலர்கள் அதை ஏற்கவில்லை. உடைந்த வீடுகளையும், பன்னியாறு தோட்டத்தில் மீண்டும் மீண்டும் தாக்கப்பட்ட நியாயவிலைக் கடையையும் எவரும் மறுக்கவில்லை.

இதற்கிடையே திரையில் வேறொரு அரிக்கொம்பன் பிறந்துகொண்டிருந்தது. ஃபேஸ்புக்கில் ரசிகர் பக்கங்கள், வாட்ஸ்அப் குழுக்கள், இசை சேர்த்த ரீல்ஸ் காட்சிகள் என அது வளர்ந்தது. வீட்டையும் துணையையும் குட்டியையும் பிரிக்கப்பட்ட பிள்ளையாக யானை சித்திரிக்கப்பட்டது. நகரங்களில் வாழ்வோரும், வெளிநாடுவாழ் மலையாளிகளும் அதற்காக வருந்தினர். யானையின் பெயரில் பணம் திரட்டப்பட்டதாகப் புகார்கள் எழும் அளவுக்கு அந்த உணர்வு பெருகியது. திரைப்பட அறிவிப்பும் வந்தது.

இதை வெறும் இணைய மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. கோயில் யானைகளைப் பெயர் சொல்லிக் கொண்டாடுவதும், அவற்றுக்கு ரசிகர் கூட்டம் சேர்வதும் கேரளப் பண்பாட்டில் நெடுங்காலமாக உள்ளவை. அந்த உள்ளூர்ப் பழக்கத்தோடு, விலங்குரிமை என்ற உலகளாவிய சொல்லாடல் வந்து சேர்ந்தது. இரண்டையும் இணைத்துப் பல மடங்காக்கியது வலைதளம். உலகமயமாக்கல் உள்ளூர்ப் பண்பாட்டை அழிக்கும் என்று அஞ்சுவோர் இந்நிகழ்வைக் கவனிக்க வேண்டும். இங்கே அழிவு நேரவில்லை. உள்ளூர்ப் பண்பாட்டின் ஒரு கூறு மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு ஊதிப் பெருக்கப்பட்டது.

தேர்ந்தெடுக்கப்படாத பகுதி சின்னக்கானலில் இருந்தது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், நிலமற்ற பழங்குடியினர் 301 குடும்பங்களுக்கு அங்கு அரசு நிலம் வழங்கியது. '301 காலனி' என்ற பெயர் அப்படி வந்தது. யானைகளின் வாழ்விடத்தில் மக்களை ஏன் குடியேற்றினீர்கள் என்று உயர் நீதிமன்றம் கேட்டது நியாயமான கேள்வி. யானைகளுக்கு அஞ்சிப் பல குடும்பங்கள் ஏற்கெனவே வெளியேறியிருந்தன. எஞ்சியவர்கள் 'ஆக்கிரமிப்பாளர்கள்' என இணையத்தில் வசைபாடப்பட்டனர். நிலம் கேட்டுப் போராடியவர்களுக்கு யானைக்காட்டைக் காட்டியது அரசு. இருபது ஆண்டுகள் கழித்து வசை மட்டும் அவர்களுக்கு வந்து சேர்ந்தது.

பறம்பிக்குளம் என்ற பெயர் அறிவிக்கப்பட்டதும் போராட்டம் பாலக்காட்டுக்கு இடம் பெயர்ந்தது. முதலமடையில் மக்கள் கடைகளை அடைத்தனர். பறம்பிக்குளத்துக்குள்ளேயே காடர், மலசர், மலைமலசர், முதுவர் குடியிருப்புகள் உள்ளன. ஏப்ரல் 17 அன்று கேரள அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பின்னர் மாற்று இடம் தேட வாய்ப்பளிக்கப்பட்டு, ஏப்ரல் 29 அன்று பிடிபட்ட யானை பெரியார் புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. அதைச் சுமந்த லாரியின் பயணத்தைத் தொலைக்காட்சிகள் நேரலையாக ஒளிபரப்பின.

யானைக்கு மாநில எல்லை தெரியாது. மேகமலை வழியாகத் தேனி மாவட்டத்துக்குள் இறங்கி, மே 27 அன்று கம்பம் நகருக்குள் புகுந்தது. 144 தடை உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. யானையைப் படம்பிடிக்க ட்ரோன் பறக்கவிடப்பட்டது சர்ச்சையானது. நகருக்குள் யானை ஓடியபோது காயமடைந்த முதியவர் ஒருவர் பின்னர் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை அதை மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் முத்துக்குழிவயல் பகுதியில் விட்டது. அதன்பின் தமிழக வனத்துறை உயர் அதிகாரிகள், யானை நலமாகப் புல் தின்னும் காணொலியை ட்விட்டரில் வெளியிட்டனர். ஒரு மாநிலத்தின் அதிகாரிகள் அண்டை மாநில ரசிகர்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலை, இதற்குமுன் காணாத ஒன்று. சில மாதங்களில் அந்த யானை மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் தென்பட்டது. அங்கும் லயங்களில் இருந்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்களே.

சிக்னல் இல்லாத இரவு

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சின்னக்கானலிலிருந்து தொலைவில் இல்லாத இன்னொரு மலைச்சரிவில் நிலைமை நேர்மாறாக இருந்தது. 2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு, மூணாறை அடுத்த ராஜமலையின் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. பெருமழையால் மின்சாரம் இல்லை. கைப்பேசிக் கோபுரம் செயலிழந்திருந்தது. பிழைத்தவர்கள் நடந்து சென்று சொன்ன பிறகே, மறுநாள் காலையில் வெளியுலகுக்குச் செய்தி தெரிந்தது. பல மணி நேரம் அந்தப் பள்ளத்தாக்கு தனித்துக் கிடந்தது. 66 உடல்கள் மீட்கப்பட்டன. நால்வர் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பல குடும்பங்களின் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதி.

ஆகஸ்ட் 7 இரவு கோழிக்கோடு கரிப்பூரில் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டி நொறுங்கியது. 21 பேர் உயிரிழந்தனர். விபத்து நடந்த சில நிமிடங்களிலேயே காட்சிகள் பரவின. கொட்டும் மழையில் உள்ளூர் மக்கள் மீட்புக்கு ஓடி வந்ததும், குருதிக் கொடைக்கு வரிசையில் நின்றதும் உலகெங்கும் பாராட்டப்பட்டன. அந்தப் பாராட்டு முற்றிலும் தகும். முதலமைச்சர் மறுநாளே கரிப்பூர் சென்றார். பெட்டிமுடிக்கு ஆகஸ்ட் 13 அன்றுதான் வந்தார். மாநில அரசு அறிவித்த நிவாரணம் விமான விபத்தில் இறந்தோர் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய், பெட்டிமுடியில் 5 லட்சம் ரூபாய். மோசமான வானிலையும் சாலைநிலையும் தாமதத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. தொகையில் இருந்த வேறுபாட்டுக்கு வானிலை காரணமாக முடியாது என்று தமிழ்ச் சமூக வலைதளங்களில் பலர் கேட்டனர். வளைகுடா வழித்தடத்தின் பயணிகளுக்கு உலகெங்கும் உறவுகளும் இணைய இணைப்பும் இருந்தன. லயத்துக்கு அன்றிரவு சிக்னல்கூட இல்லை. கவனத்தின் அளவை மதிப்பிடும்போது இந்த எளிய உண்மையை மறந்துவிடக் கூடாது.

பெட்டிமுடியிலிருந்து பெருமளவில் பரவிய ஒரே கதை ஒரு நாயுடையது. தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடலை, விபத்து நடந்து எட்டு நாள்களுக்குப் பின் கண்டுபிடிக்க உதவியது 'குவி' என்ற நாய். காவல் துறையின் மோப்ப நாய்ப் பயிற்சியாளர் ஒருவர் அதைப் பராமரித்தார். பிறகு அது அக்குழந்தையின் குடும்பத்தில் எஞ்சிய உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டது. நெகிழ வைக்கும் கதைதான். ஆனால், தலைமுறைகளாக ஒரே அறை லயத்தில் வாழ்வோர் ஓய்வுபெற்றபின் எங்கே செல்வார்கள் என்ற கேள்விக்கு அந்த அளவுக்குப் பகிர்வுகள் கிடைக்கவில்லை. மொழி புரியாதவரும் ஒரு நாயின் படத்தைப் பார்த்துக் கண் கலங்கலாம். லயத்தின் கதையைப் புரிந்துகொள்ளச் சொற்கள் வேண்டும். அச்சொற்கள் தமிழில் இருந்தன.

அச்சம் ஏறும் வேகம்

இம்மலைகளிலிருந்து மொழித் தடையின்றிப் பரவும் இன்னொன்று அச்சம். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. அதன் நீர் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்குப் பாய்கிறது. 142 அடி வரை நீர் தேக்கலாம் என 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு மாநில வல்லுநர்களும் நீதிமன்றங்களும் பல்லாண்டுகளாக எடைபோட்டுவரும் சிக்கல் இது. 2021 அக்டோபரில் அணையை அகற்றக் கோரும் ஹேஷ்டேக் ஒன்று மலையாளத் திரை நட்சத்திரங்களின் ஆதரவுடன் பரவியது. தேனியில் நடிகர் பிருத்விராஜின் உருவ பொம்மை எரிக்கப்பட்டது. பீதியைப் பரப்புவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று சட்டப்பேரவையில் எச்சரித்தவர் கேரள முதலமைச்சர் பினராயி விஜயனே. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பின்னும், 2025 மார்ச்சில் 'எம்புரான்' படம் வெளியானபோதும் அதே சூடு திரும்பியது.

அணைக்குக் கீழே வாழும் கேரள மக்களின் கவலை பொய்யானதன்று. வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு மக்கள் அணையின் நிழலில் தூங்குபவர்கள். ஆனால் ஹேஷ்டேக் பரப்புவோரில் பலர் அணைக்குக் கீழேயும் வாழவில்லை, அதன் நீரைக் கொண்டு பயிரிடவும் இல்லை. விலை கொடுப்பவர்கள் வேறு. கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து அதிகாலையில் ஜீப்களில் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் அவர்கள். 2011 இறுதியில், 'டேம் 999' படத்தையும் அணை விவகாரத்தையும் ஒட்டிப் பதற்றம் மூண்டபோது எல்லைச் சாலைகள் அடைபட்டன. ஏலத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வெளியேறி மலையிறங்கின. அன்று ஸ்மார்ட்போன் பரவியிருக்கவில்லை. வதந்தி ஜீப் வேகத்தில்தான் நகர்ந்தது. ஏலத் தோட்டத்துக்குத் தமிழ்க் கைகளும், கம்பம் பள்ளத்தாக்குக்கு மலைநீரும் இன்றியமையாதவை என்ற பழைய கணக்கு, உணர்ச்சிப் பதிவுகளில் இடம் பெறுவதில்லை.

பாட்டும் பசுமையும்

பண்பாட்டுத் தளத்தில் நல்ல செய்தியும் உண்டு. அட்டப்பாடி இருளர் சமூகத்தைச் சேர்ந்த நஞ்சியம்மா, 2020 பிப்ரவரியில் வெளியான 'அய்யப்பனும் கோஷியும்' படத்துக்காகத் தம் மொழியில் தாமே இயற்றிப் பாடிய பாடல், யூடியூப் வழியாக மலையாளமோ இருளர் மொழியோ அறியாதவர்களையும் சென்றடைந்தது. 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகியாக அறிவிக்கப்பட்ட அவர், 2022 செப்டம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவிடம் விருது பெற்றார். முறையாகச் சங்கீதம் பயின்றவர்களுக்கே அவ்விருது தகும் என்று இணையத்தில் முணுமுணுப்பு எழுந்தபோது, அதற்கு மறுமொழி கூறித் திரண்டவர்களும் இணையத்தில் இருந்தவர்களே. அட்டப்பாடி என்றால் மதுவின் கட்டப்பட்ட கைகள் மட்டுமே நினைவுக்கு வந்த காலம் அப்பாடலால் ஓரளவு மாறியது. எனினும், குடும்ப நிலம் தொடர்பான தகராறில் நஞ்சியம்மா இன்னும் அலைய வேண்டியிருக்கிறது. கோடிக்கணக்கான பார்வைகள் ஒரு பட்டாவுக்கு ஈடாகவில்லை.

பாலக்காட்டின் கொல்லங்கோடு வேறு வகை. இந்தியாவின் அழகிய கிராமங்கள் பத்து என ட்விட்டரில் வந்த பட்டியலில் அதன் பெயர் இருந்தது. 2023இல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அதைப் பகிர்ந்தார். நெல்வயல்களையும் தென்மலைச் சுவரையும் படமெடுக்க வெளியூரார் திரண்டனர். தேநீர்க் கடைகளுக்கு வருமானம் கூடியது. அருகிலுள்ள முதலமடையின் கோவிந்தாபுரத்தில், தமிழ் பேசும் சக்கிலியர் குடும்பங்கள் தங்களுக்குத் தீண்டாமை இழைக்கப்படுவதாக 2017இல் குற்றஞ்சாட்டியது செய்தியானது. அழகிய கிராமம் தேடி வருவோரின் வரைபடத்தில் அந்தக் காலனி இல்லை.

தாமே பேசியபோது

இம்மக்கள் தம் குரலிலேயே உலகைத் திரும்பிப் பார்க்க வைத்த நிகழ்வு, ஹேஷ்டேக்கால் தொடங்கவில்லை. 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறில் கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரே இரு மொழிகளும் கலந்த எல்லைப் பேச்சு. ஒன்பது நாள்களில் கருணைத் தொகையுடன் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதம் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. உள்ளாட்சித் தேர்தலிலும் அவர்கள் இடம் பிடித்தனர். தமிழில் முழங்கிய அப்பெண்களைப் படமெடுக்கத் தொலைக்காட்சிகளும் கைப்பேசிகளும் மலையேறி வந்தன. சாலையை மறித்தது முதலில் நடந்தது, படம் அதன்பிறகு வந்தது என்ற வரிசையை நினைவில் கொள்வது நல்லது.

முதுவர் மட்டுமே வாழும் இடமலக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி, 2010இல் உருவானது. வெளியுலகிலிருந்து இணையத்துக்காக எழுதவும் படமெடுக்கவும் வந்த இரு வருகைகளை அது கண்டிருக்கிறது. 2014இல் பத்திரிகையாளர் பி. சாய்நாத், கிராமப்புற வாழ்வைப் பதிவு செய்யும் 'பாரி' இணையதளத்துக்காக அங்கு சென்றார். காட்டுக்குள் தேநீர்க் கடை நடத்திய சின்னத்தம்பி என்பவர், அக்கடையிலேயே 160 நூல்கள் கொண்ட நூலகத்தை வைத்திருந்ததை எழுதினார். உறுப்பினர் கட்டணம் 25 ரூபாய், மாதம் 2 ரூபாய். யார் எந்த நூலை எடுத்தார் என்பது பதிவேட்டில் கையால் எழுதப்பட்டிருந்தது. அக்கட்டுரையில் பேசியவர் சின்னத்தம்பி.

2021 ஜூனில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருடன் பிரபல யூடியூபர் ஒருவர் அங்கு சென்று காணொலி எடுத்தார். கொரோனா பரவிய ஓராண்டுக்கும் மேலாக, வெளியாரை அனுமதிக்காமல் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டு, ஒரு தொற்றும் இன்றி இருந்த ஊர் அது. பள்ளிக் குழந்தைகளுக்குத் தொலைக்காட்சி வழங்கவே சென்றதாக விளக்கம் தரப்பட்டது. வனத்துறை விசாரித்தது. ஜூலையில் இடமலக்குடியில் முதல் தொற்றுகள் பதிவாயின. இரண்டுக்கும் தொடர்பு உண்டென நிறுவப்படவில்லை. அந்த விவாதத்தில் அரசியல் கட்சியினரும், யூடியூபரின் ரசிகர்களும், எதிர்ப்பாளர்களும் பல நாள்கள் மோதிக்கொண்டனர். அந்தக் கட்டுப்பாட்டை ஓராண்டு காலம் காத்து நின்ற முதுவர் ஊர்க்கூட்டத்தின் கருத்து, அந்தப் பதிவுகளுக்கிடையே அரிதாகவே தென்பட்டது.